நட்சத்திர மீனுக்குக் கிட்னி கிடையாது

அண்ணி போன் செய்தபோது, ஆய்வகத்தில் இருந்த அவள் கையில் ஒரு நட்சத்திர மீன் இருந்தது. காலையில் தட்டில் வைத்து விளக்குக்கடியில் காயப்போட்டதைத் தராசுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். கடலிலிருந்து எடுத்த சூட்டோடு பிடித்தால் அது உள்ளே தண்ணீர் கெட்டித்துப் போய், கை பட்டதும் இன்னும் இறுகி, பிடிவாதக்காரக் குழந்தையைத் தூக்கியதுபோல் இருக்கும். காய்ந்த பிறகு அந்தப் பிடிவாதமெல்லாம் போய்விடும். கைகள் ஐந்தும் நுனியில் சுருண்டு, முதுகு நடுவில் குழிந்து, மழையில் நனைந்து வெயிலில் உலர்ந்த பழைய செருப்பைக் கையில் எடுத்ததுபோல் ஆகிவிடும். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"உங்க அண்ணன் இன்னிக்கு மெஷினுக்குப் போகமாட்டேங்கறார்" என்றாள் அண்ணி. பின்னால் பேக்கரியின் கண்ணாடி அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. வேலைக்கு வந்த இடத்திலிருந்து பேசுகிறாள்.

"முடியலையாமா?"

"முடியுது. மாட்டேங்கறார். ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தாச்சு. உன்கிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லாதேன்னார். அதான் சொல்றேன்."

அவள் மீனை எடை போட்டாள். எண்ணைப் பார்த்தாள், மனதில் தங்கவில்லை. மறுபடி பார்த்தாள். பக்கத்து மேசைக்காரி ஒன்றும் கேட்காமல் கையை நீட்டி மீனை வாங்கிக்கொண்டாள். இந்த ஆறு வருஷத்தில் அவளுக்கும் இந்த போன்களின் முகம் பழகிவிட்டது. "நீ கிளம்பு. இதுங்களை நான் தொட்டியில விட்டுடறேன்" என்றாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத உப்பு வாசனை. கல்யாணப் பேச்சு வந்து நின்றபோதெல்லாம் அண்ணன் அந்த வாசனையின் தலையில்தான் பழியைப் போடுவான். "மாப்பிள்ளைக்கு மூக்கு நல்லா வேலை செய்யுது சுண்டு, விடு" என்பான். அவளுக்கு நாற்பது தாண்டிய பிறகும் அவனுக்கு அவள் சுண்டுதான். சுண்டுவிரல் கணக்காய்ப் பிறந்தவளாம்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டிடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அவன் கை படாத லிப்ட் கிடையாது. "இந்த ஊர்ல பாதிப் பேர் என் தயவுலதான் மேல போறாங்க" என்று சொல்லிவிட்டு, கேட்பவர் அதன் இரண்டாவது அர்த்தத்தைப் பிடிக்கும்வரை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருப்பான். அவன் குடியிருப்பது மட்டும் லிப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடி. டயாலிசிஸ் முடித்து வரும் நாட்களில் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பான். மேலிருந்து இறங்கி வருபவர்கள் தங்களுக்குத்தான் வழிவிட்டு நிற்கிறான் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அவனும் "பரவாயில்லைங்க" என்பான்.

அவள் போனபோது அறைக்கதவு சாத்தியிருந்தது, தாழ்போடவில்லை. அவன் ஜன்னலோரமாக நாற்காலியில் உட்கார்ந்து, வாயில் ஒரு ஐஸ் கட்டியை ஒதுக்கி வைத்திருந்தான். தண்ணீர் குடிக்கக்கூடாத ஆளுக்கு அண்ணி கண்டுபிடித்த வழி அது. ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீர், அதையும் கட்டிகளாக உறையவைத்து, ஒவ்வொன்றாகக் கொடுப்பாள்.

"வந்துட்டியா. உன் வாசனை உனக்கு முன்னாடியே மாடி ஏறி வந்துடுச்சு."

"கிளம்பு. கீழ வண்டி நிக்குது."

"அனுப்பிடு."

"விளையாடாதே அண்ணா. இன்னிக்கு மட்டும் வா. மத்ததை அப்புறம் பேசலாம்."

"இன்னிக்கு மட்டும்னா வரலாம்டி. நாளன்னிக்கு?"

"நாளன்னிக்கும்தான்."

"பாத்தியா" என்றான். ஐஸ் கட்டியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான்.

கழுத்தில் கட்டுப் போட்டிருந்தது. கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு அடைத்துப்போனதும் கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதில் சீழ் பிடித்து, காய்ச்சலில் உளறி, பிழைத்து வந்தான். மறுபக்கம் வைத்தார்கள். அதிலும் இப்போது அதே கதை ஆரம்பித்திருந்தது. போன வாரம் டாக்டர் அடுத்தது தொடை என்று சொல்லியிருந்தார். தொடைக்குப் பிறகு என்ன என்று அண்ணன் கேட்டானாம். டாக்டர், அதை அப்போது பார்ப்போம் என்றாராம்.

"வலின்னு நினைக்காதே. கோவமும் இல்ல" என்றான். "லிப்ட் பழசானா ரோப் மாத்துவோம். மோட்டாரை மாத்துவோம். கதவை மாத்துவோம். ஒரு கட்டத்துல ஓனரைக் கூப்பிட்டு, சார் இனிமே படியில ஏறிக்கங்கன்னு நாங்களே சொல்லிடுவோம். சொல்லாதவன் நல்ல மெக்கானிக் இல்ல."

"நீ லிப்ட் இல்ல."

"அதான் எனக்குப் படியும் இல்ல."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். இடுப்புக்கு மேலே, விலா எலும்பு முடியும் இடத்தில், தையல் போட்ட தழும்பிலிருந்து வந்தது. அவள் அவனுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு, ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் அவள் கட்டிலில் கிடந்தபோது, பக்கத்து அறையிலிருந்து அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கூஜா தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, நர்ஸிடம் இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தான். குடித்தது குடித்தபடி வெளியே போகிறது என்பதைப் பெரிய சாகசம்போல வார்டு முழுக்க அறிவித்தான். அவளுடைய வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தத்தை அவள் கேட்டதில்லை. நாலு வருஷம் அது அவனுக்குள் உழைத்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில், யார் தப்பும் இல்லாமல், மாத்திரை ஒன்றுகூடத் தவறாமல், மெல்ல மெல்ல நின்றுபோனது. செய்தியைச் சொல்ல அவனே அவளைத் தேடி வந்தான். "உன் பொருளை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலடி" என்றான். அன்று அவன் முகத்தில் இருந்த வெட்கத்தை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "நீ வேலை செய்யற இடத்தை நான் பாத்ததே இல்ல. மீனைக் காயப்போடறேன்னு சொல்லுவியே. கருவாட்டுக் கம்பெனின்னு உங்க அண்ணி அக்கம்பக்கத்துல சொல்லி வச்சிருக்கா."

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இப்ப மெஷினுக்கு வா. நாளைக்குத் தெம்பா இருப்பே. நானே கூட்டிட்டுப் போறேன்."

"லஞ்சம்."

"ஆமா. வாங்கிக்கோ."

அவன் எழுந்து சட்டையைத் தேடினான்.

டயாலிசிஸ் வார்டில் அவனுக்கு எல்லோரையும் தெரியும். வாசலில் இருக்கும் எடை மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். போன தடவை இறங்கியதற்கும் இந்தத் தடவை ஏறியதற்கும் உள்ள வித்தியாசம் அத்தனையும் தண்ணீர். அதை மெஷின் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சி முடித்த பிறகு நிற்க வேண்டிய எண்ணுக்கு அங்கே உலர் எடை என்று பெயர். நர்ஸ் எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சார், இந்தத் தடவை தண்ணி ஜாஸ்தி குடிச்சிருக்கீங்க."

"குடிக்கல நர்ஸ். பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அதுலயே ஏறிடுச்சு."

நர்ஸ் சிரித்தாள். கூட வந்த அவளும் சிரித்தாள். அவன் படுத்ததும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். அங்கே எப்போதும் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருப்பார். இருவரும் நாலு மணி நேரமும் சினிமா பேசுவார்கள். இன்று அங்கே புதிதாக ஒரு பெண், கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, தன் ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் எங்கே என்று அவள் அண்ணனைக் கேட்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவன்போல மூச்சு விட்டான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நாளைக்கு எந்த மீன்களைக் காட்டலாம்? லேசாகக் காய்ந்தவற்றைத்தான். அவை எழுந்துகொள்ளும். காய்ந்து சுருண்டு கிடக்கும் ஒன்று, கடல்தண்ணீரில் விட்டதும் கண்ணெதிரே உப்பி எழுவதைப் பார்த்தால் கல்லுக்கும் ஒரு ஆசை வரும். முதன்முதலாகப் பார்த்த அன்று அவளுக்கு வந்தது. அவன் ஏமாளி இல்லைதான். ஆனால் பார்ப்பது என்பது வேறு, யாராவது சொல்லிக் கேட்பது என்பது வேறு. ஒரு வியாபாரியைப்போல, எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் ஒளிப்பது என்று அவள் மனதிற்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தான். ஆய்வகம் என்றதும் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருப்பான்போல. தகரக் கூரை, ஓயாமல் இரையும் பம்ப், ஈரத் தரை, சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள். "இதுக்குத்தான் இவ்வளவு படிச்சியா?" என்றான். பக்கத்து மேசைக்காரி அவனுக்கு நாற்காலி போட்டுவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போனாள்.

அவள் காட்டினாள். பாறையில் ஒட்டியிருக்கும்போது கடல் உள்வாங்கினால் இவை வெளியே மாட்டிக்கொள்ளும். நண்டு என்றால் ஓடிவிடும், சிப்பி என்றால் வாயை மூடிக்கொள்ளும். இதற்கு இரண்டும் முடியாது. வெயிலில் அப்படியே கிடக்கும், உடம்பின் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், கடல் திரும்பி வரும்வரை தாங்கினால் உண்டு. வரவர வெயில் ஏறிக்கொண்டே போகிறது. எவ்வளவு காய்ந்தால் பிழைக்கும், எவ்வளவு காய்ந்தால் பிழைக்காது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

"உடம்புல இருக்கற தண்ணி என்ன தண்ணி?"

"கடல்தண்ணிதான். கிட்டத்தட்ட அப்படியே. வெளியே என்ன உப்போ உள்ளேயும் அதே உப்பு. ரத்தம்னு தனியா பெருசா ஒண்ணும் கிடையாது."

"வடிகட்டறது?"

அவள் ஒரு நொடி தயங்கினாள். "கிட்னி கிடையாது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தொட்டியைப் பார்த்தான். "கிட்னியே கிடையாதா? கொடுத்து வச்சது. கெட்டுப்போறதுக்கே ஒண்ணும் இல்லையே."

"நல்ல தண்ணியில போட்டா செத்துடும். உள்ளே தண்ணி ஏறிக்கிட்டே போகும், நிறுத்தத் தெரியாது."

"நம்ம ஜாதிதான்" என்றான் சந்தோஷமாக.

அவள் திட்டப்படி முதல் மீனை எடுத்தாள். காலையில் அளவாகக் காயவைத்தது. கடல்தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியில் மல்லாத்தி வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. முதுகோரத்தில் சல்லடைபோல ஒரு வெள்ளைப் பொட்டு உண்டு, தண்ணீர் உள்ளே போகும் வாசல்களில் அதுவும் ஒன்று என்று அவள் வேறொரு மீனில் காட்டிக்கொண்டிருக்கும்போதே, "ஏய், இங்க பாரு" என்றான் அவன். ஒரு கையின் அடியிலிருந்து நூல் நூலாகச் சின்னக் கால்கள் எட்டிப்பார்த்தன. முதலில் இரண்டு மூன்று, பிறகு ஒரு வரிசை. நுனியில் உறிஞ்சியோடு நீண்டு, இல்லாத எதையோ தேடித் துழாவின. அந்தக் கால்கள் நீள்வதே உள்ளே ஏறும் தண்ணீரின் அழுத்தத்தால்தான் என்றாள் அவள். ஹைட்ராலிக் லிப்ட் என்றான் அவன் உடனே. கை ஒன்று முறுக்கிக்கொண்டு தரையைத் தொட்டது, பிடித்தது, இழுத்தது. உடம்பு மடங்கி எழுந்து, ஒரு நிமிஷம் கூடாரம்போல நின்று, மெதுவாகக் குப்புறச் சாய்ந்தது.

"சபாஷ்!" என்று அவன் கை தட்டினான். தட்டியதில் கழுத்துக் குழாய் இழுத்திருக்க வேண்டும், முகம் சுளித்தான், ஆனாலும் சிரித்தான். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். நேற்று மதியத்திலிருந்து அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"மூலையில என்ன, துணி போட்டு மூடியிருக்கு?"

"அது ஒண்ணுமில்ல. வேற வேலை."

அதற்குள் அவன் எழுந்துவிட்டான். அவன் வேலையே மூடியிருப்பதைத் திறந்து பார்ப்பதுதான், காலமெல்லாம். துணியை விலக்கினான். உள்ளே நாலைந்து மீன்கள் மல்லாந்து கிடந்தன. குண்டாக, நிறம் மாறாமல், பார்க்க முதல் மீனைவிட நன்றாகவே இருந்தன.

"இதெல்லாம் நல்லா கொழுகொழுன்னு இருக்கே. ஏன் மூடி வச்சிருக்கே?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. அவனிடம் எப்போதும் முடிந்ததில்லை. "ரொம்பக் காய்ஞ்சதுங்க. முந்தாநாள் தண்ணியில விட்டோம்."

"எடை?"

"எடை திரும்ப வந்துடுச்சு. போனது அத்தனையும்."

"அப்புறம் என்ன?"

"எடை வந்தா பிழைச்சுட்டதுன்னு நாங்களும் ஆரம்பத்துல நினைச்சோம்" என்றாள். "மல்லாத்தி வச்சா திரும்பணும். திரும்பினாதான் கணக்கு."

அவன் நாற்காலியை இழுத்து அந்தத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டான். முழங்கையை முழங்காலில் ஊன்றி, முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தான். மாட்டிக்கொண்ட லிப்ட்டுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்களோடு பேசுகிற தோரணை அது. அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது ஒருமுறை பார்த்திருக்கிறாள். கதவைத் திறக்கும்வரை உள்ளே இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பான். யாரையும் அழவிட மாட்டான்.

அவள் தட்டுகளைக் கழுவினாள். பம்ப்பின் வலையில் அடைத்த பாசியை எடுத்தாள். திரும்பி வந்து பார்த்தபோதும் அவன் அப்படியே இருந்தான்.

"எழுந்திருடா ராஜா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "உனக்கென்ன, கால்தான் ஆயிரம் இருக்கே. ஒண்ணை ஊன்று போதும்."

ஒரு மீனின் ஒரு கை அசைந்தது. அவளும் பார்த்தாள். நுனி மட்டும் லேசாகத் தூக்கி, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல நின்றது. கால்கள் சில வெளியே தொங்கின, பிடிமானம் இல்லாமல் தண்ணீரோடு ஆடின. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளும் தன்னை அறியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்கு வந்த நாளாக எத்தனையோ மீன்கள் எழாமல் போவதைப் பார்த்தவள், இந்த ஒன்று எழவேண்டும் என்று அப்போது வேண்டிக்கொண்டாள். கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. விழவில்லை, இறங்கியது.

பம்ப் இரைந்துகொண்டிருந்தது.

"விட்டுடு சுண்டு" என்றான் அவன். "இதைப் போட்டுப் படுத்தாதே."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டு, அந்த மீனைத் திருப்பிக் குப்புற வைத்தான். "நீயா திரும்பலைன்னா என்ன இப்ப" என்று அதனிடம் சொன்னான். அடுத்ததையும் திருப்பினான். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் திருப்பி வைத்தான். சோதனை கெட்டுவிடும் என்று அவள் சொல்லவில்லை. சோதனை முடிந்துபோனது என்று இருவருக்கும் தெரியும்.

கை கழுவ மூலைக் குழாய்க்குப் போனான். அவள் துண்டு எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அவன் கையைக் கழுவினான். பிறகு குழாயை மூடாமல், இரண்டு கையையும் குவித்து, பள்ளிக்கூடத்துப் பையன்போலக் குனிந்து, குடிக்க ஆரம்பித்தான். கழுத்துக் கட்டு நனைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. மடக் மடக் என்று அந்தச் சத்தம். அவள் கை பாதிவரை எழுந்தது. துண்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அவன் கையிலிருந்து எத்தனை டம்ளர்களைப் பிடுங்கியிருப்பாள். ஒருமுறை பூச்செடிக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்தான் என்று அவனோடு ஒரு வாரம் பேசாமல்கூட இருந்திருக்கிறாள். கை மேலே போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அவன் குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

அவன் நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, துண்டை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு மெஷின் நாள்" என்றாள் அவள்.

"தெரியும்."

"அண்ணா."

"உன்னுது இன்னும் உள்ளதான் இருக்கு" என்றான் அவன். வயிற்றின் ஓரத்தில், சட்டைக்கு மேலே, கையை வைத்துக்கொண்டான். "அவங்க எடுக்கலையே. சுருங்கிப்போய் இங்கதான் எங்கயோ கிடக்கு. நான் போனா அதுவும் கூடவே வரும். அது ஒண்ணுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. உன்கிட்ட கேக்காம உன்னையும் பாதி கூட்டிட்டுப் போற மாதிரி."

அவள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எடுத்துக்கிட்டுப் போ என்றாவது, போகாதே என்றாவது. பிற்பாடு அவள் பலமுறை அந்த இடத்தில் பல வாக்கியங்களை வைத்துப் பார்த்தாள். அன்று சொன்னது, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பது மட்டும்தான்.

மறுநாள் அவன் போகவில்லை. அதற்கடுத்த தடவையும் போகவில்லை.

அண்ணி சமையலறையில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தணித்துத்தான் பேசினாள், அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. "நீ சொன்னா கேப்பார்னு உன்னைக் கூப்பிட்டேன். நீ என்னடான்னா ரெண்டு மீனைக் காட்டிக் கூட்டிட்டு வந்து விட்டுட்டே. நீ விட்டுடலாம். உனக்கு உன் வேலை இருக்கு, உன் கடல் இருக்கு. எனக்கு என்ன இருக்கு, சொல்லு. இந்த மனுஷனுக்கு மாத்திரையும் ஐஸும் எடுத்துக் குடுத்தே எனக்கு ஆறு வருஷம் போச்சு." பிறகு ஐஸ் தட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்து, சுடுதண்ணீரைத் திறந்துவிட்டாள். கட்டிகள் உருகுவதை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். கடைசியில் அண்ணியின் தலை அவள் தோளில் சாய்ந்தது. உப்பு வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் அண்ணி அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கூஜா நிறையத் தண்ணீர் வைத்தாள், மேலே ஒரு டம்ளரையும் கவிழ்த்து. எவ்வளவு வேண்டுமோ குடிக்கட்டும். முதல் நாள் அவன் ஆசையாக ஊற்றிக் குடித்தான். இரண்டாம் நாள் ஒரு வாய். அப்புறம் குடிக்க முடியவில்லை. வாயெல்லாம் இரும்பைச் சப்பியதுபோல இருக்கிறது என்றான், குமட்டியது. "பாருடி கொடுமையை" என்றான் அவளிடம். "குடிக்கக்கூடாதுன்னப்ப கனவுல எல்லாம் தண்ணியா வந்துச்சு. இப்ப பக்கத்துல நிக்குது, பிடிக்கல." கூஜாவை அண்ணி தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக நிறைத்தாள்.

அவள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். டாக்டர் மூச்சு இறைப்புக்கு ஒரு மருந்தும் தூக்கத்துக்கு ஒரு மருந்தும் எழுதிக்கொடுத்தார், திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பக்கத்து மேசைக்காரி போன் செய்து, மூலைத் தொட்டியைக் கழுவிக் காலி செய்துவிட்டதாகச் சொன்னாள். புதிதாகக் கடலிலிருந்து கொண்டுவர வேண்டும், அவசரமில்லை என்றாள். அவள் சரி என்றாள். சிலசமயம் அண்ணன் திடீரென்று தெளிவாகி, ஏதாவது ஒரு கட்டிடத்தைச் சொல்லி, அங்கே ஐந்தாவது மாடியில் லிப்ட் ஒரு விரல்கடை மேலே நிற்கும், யாராவது தடுக்கி விழுவார்கள், சொல்லிவிடு என்பான். அவள் தலையாட்டுவாள். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

அன்று மதியம் அண்ணி கண்ணயர்ந்திருந்தாள். ஜன்னல் திரை வெயிலில் மஞ்சளாக எரிந்தது. மொட்டைமாடியில் யாரோ மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், தொம் தொம் என்று.

"சுண்டு" என்றான். கண் மூடியே இருந்தது. "கால் கனமா இருக்கு. என் கால் மாதிரியே இல்ல. கொஞ்சம் அமுக்கிவிடேன்."

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை விலக்கினாள். கால் நீர் கோத்துப் பளபளவென்று வீங்கியிருந்தது. தோல் மெல்லிசாக, உள்ளே விளக்கு வைத்ததுபோல. முழங்காலுக்குக் கீழே, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரலை வைத்து மெதுவாக அமுக்கினாள். எடுத்தாள்.

விரல் இருந்த இடத்தில் குழி இருந்தது. அவளுடைய கட்டைவிரலின் அளவுக்கு, அதன் சாய்வோடு, ஓரத்தில் நகத்தின் வளைவோடு.

"ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

"உன் கை ஜில்லுன்னு இருக்கு. நல்லா இருக்கு."

அவள் கையை அவன் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள். வேறெங்கும் அமுக்கவில்லை. அந்தக் குழி மேலெழுகிறதா என்று குனிந்து பார்த்தாள். மெத்தை தட்டும் சத்தம் நின்றது. திரையின் மஞ்சள் வெளிச்சம் அந்தப் பள்ளத்தின் ஒரு பக்கத்தில் விழுந்து, மறுபக்கத்தில் சின்னதாக ஒரு நிழலைத் தேக்கியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.